வானத்தில் சுற்றிய சக்கரங்கள்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, கினாந்தி ஓட்டிக்கொண்டிருந்த வண்டியின் நாலு சக்கரங்களும் வானத்துக்குப் போய்விட்டன.

வண்டி என்னவோ தரையில்தான் இருந்தது. சக்கரங்கள் மட்டும் தென்னை மரங்களுக்கும் மேலே, நாலு கறுப்பு வடைகளைப் போலச் சுற்றிக்கொண்டிருந்தன.

"அம்மா! என் வண்டிச் சக்கரம் பறக்குது!"

சமையலறையில் அம்மா கோஸும் கேரட்டும் போட்டு பக்வான் பொரித்துக்கொண்டிருந்தார். "பறக்கட்டும் கண்ணு. கீழ வந்ததும் சாப்பிட வா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

கினாந்திக்குச் சிரிப்பு வரவில்லை. மடிக்கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். சக்கரங்கள் இறங்கவில்லை.

அது 'லிந்தாஸ் ராயா' என்ற விளையாட்டு. கணினியிலோ போனிலோ பெரிய பெரிய பேருந்துகளை மலையிலும் கடற்கரையிலும் ஓட்டலாம். ஆனால் ஜாவாத் தீவில் அவள் ஊரான சலாத்திகாவுக்குள் ஓடும் அங்கோட் வண்டி மட்டும் அதில் கிடையாது. அங்கோட் என்றால் நீல நிறத்தில், குட்டியாக, பத்துப் பேர் உட்காரும் இடத்தில் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு போகுமே, அதுதான். 'அது இல்லாம என்ன விளையாட்டு?' என்று கினாந்திக்குத் தோன்றியது. ஆகவே அவளே ஒன்றைச் செய்துவிட்டாள்.

இப்படி ஒரு விளையாட்டில் இல்லாததை நாமே செய்து அதில் சேர்ப்பதற்கு 'மோட்' என்று பெயர். பதினொரு வயது கினாந்திக்கு அந்த ஒரு மோட் செய்ய நாலு மாதம் ஆனது. அவளும் பக்கத்து வீட்டு உமைராவும் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய், நிறுத்தத்தில் நின்ற நிஜ அங்கோட்டை அங்குலம் விடாமல் அளந்தார்கள். "என்னம்மா, என் வண்டிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்று டிரைவர் கேட்டார்.

இப்போது மூவாயிரம் பேர் அந்த அங்கோட்டை ஓட்டுகிறார்கள். ஞாயிறுதோறும் நடக்கும் ஊர்வலம் நாளை மதியம் இரண்டு மணிக்கு. இருநூறு வண்டிகள் இணையத்தில் ஒன்று சேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். எப்போதும் ஏதாவது பெரிய பேருந்துதான் முன்னால் போகும். நாளைக்குத்தான் முதல் தடவையாக ஒரு அங்கோட் முன்னால் போகப்போகிறது. ஓட்டப்போவது கினாந்தி.

சக்கரம் இருந்தால்தானே!

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. உமைரா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தாள். திரையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதடி. ராத்திரியோட ராத்திரியா விளையாட்டுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கு. அதுதான் எல்லாத்தையும் கெடுத்திருச்சு."

"கதவு எங்கடி?"

"கதவைத் திறந்தா, அது அந்தப் பக்கம் பள்ளிவாசல் வரைக்கும் போகுது."

உமைரா தரையில் உருண்டு சிரித்தாள்.

அதற்குள் ஊர்வலத்தை நடத்தும் ஹெண்ட்ரோவிடமிருந்து செய்தி வந்தது. அவர் இந்த விளையாட்டில் பழக்கமான அண்ணன், செமாராங்கில் கல்லூரியில் படிக்கிறார். 'கினாந்தி, நாளைக்கு நீதான் முன்னாடி. வரும்போது மறக்காம சக்கரத்தையும் எடுத்துட்டு வா!'

கினாந்தி புதுப் பதிப்போடு வந்திருந்த குறிப்பைப் படித்தாள். மழை இன்னும் அழகாகப் பெய்யுமாம். சாலையோரம் கோழிகள் வருமாம். சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"எவ்வளவு உயரத்துல நிக்குது அது?" என்றாள் உமைரா.

இருவரும் விளையாட்டில் இருந்த மாடிக் கட்டடத்தைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மாடிக்கு மூன்று மீட்டர். பதினைந்தாவது மாடியின் உச்சியில் சக்கரம்.

"நாற்பத்தஞ்சு மீட்டர்" என்றாள் கினாந்தி. சொன்னவள் அப்படியே நின்றாள். தன் நோட்டைப் புரட்டினாள். சக்கரத்தின் உயரம் என்று எழுதி, பக்கத்தில் 45 என்று போட்டிருந்தது. நாற்பத்தைந்து சென்டிமீட்டர்!

"உமைரா! நாம சென்டிமீட்டர்ல சொன்னோம். இப்ப இது மீட்டர்னு எடுத்துக்குது!"

"அட, லூசு விளையாட்டே!"

சக்கரம், கதவு, கண்ணாடி, இருக்கை என்று எல்லா அளவையும் நூறால் வகுத்து எழுத மதியமாகிவிட்டது. நாற்பத்தைந்து இருந்த இடத்தில் 0.45 வந்தது. சக்கரங்கள் சமர்த்தாக இறங்கி வண்டிக்கு அடியில் உட்கார்ந்தன. கினாந்தி திருத்திய மோடை இணையத்தில் ஏற்றினாள். அது எல்லோருடைய விளையாட்டிலும் தானாகவே போய்ச் சேர்ந்துகொள்ளும்.

பாராட்டு வந்து குவிந்தது. 'சூப்பர்!' 'அதுக்குள்ளயா!' 'நாளைக்குப் பார்ப்போம், தலைவி!' இருவரும் பக்வானைப் பச்சை மிளகாயோடு கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார்கள்.

மூன்று மணிக்கு ஒரு செய்தி வந்தது. எழுதியவர் பெயர் 'சாலை ராஜா'. முழுக்க முழுக்கப் பெரிய எழுத்துகள், அதாவது கேபிட்டல் லெட்டர்கள். இணையத்தில் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவதாக அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும்.

'அங்கோட் உட்கார்ந்துருச்சு. நேத்து ஓடிச்சு. இன்னைக்கு ஓடல. நான் எதையும் தொடல. நீ என்ன பண்ணின?'

"யாருடி இந்த ஆளு?" என்றாள் உமைரா. "மீசை வச்ச தடியன் ஒருத்தன் தொடையில தட்டிக்கிட்டுக் கத்தற மாதிரி இருக்கு."

அடுத்ததும் வந்தது. 'சக்கரத்தைக் காணோம். வயித்தால தேய்ச்சுக்கிட்டுப் போகுது. ஏன்?'

கினாந்தியின் முகம் சுருங்கிப்போனது. காலையிலிருந்து குளிக்கக்கூட இல்லை, இவ்வளவு வேலை செய்திருக்கிறாள். ஒரு நன்றி இல்லை, கத்தல்தான்.

"பேசாம அந்த ஆளைத் தடை பண்ணிடு" என்றாள் உமைரா.

கினாந்தியின் விரல் அந்தப் பொத்தான் வரை போனது. ஆனால் ஒன்று அவளை உறுத்தியது. அந்த ஆள் கத்தினாலும் சரியாகச் சொல்கிறார். நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை, சக்கரம் இல்லை, வயிறு தேய்கிறது. மற்றவர்கள் யாரும் இப்படிச் சொல்வதில்லை. 'சூப்பர்' என்பார்கள், இல்லாவிட்டால் 'மோசம்' என்பார்கள்.

அவள் எழுதினாள்: 'வணக்கம் அண்ணா. மன்னிச்சுக்கோங்க. உங்க போன் என்ன போன்? விளையாட்டு எந்தப் பதிப்பு?'

பதில் வர அரை மணி நேரம் ஆனது.

'நான் அண்ணா இல்ல. சல்வா. எட்டு வயசு. தெர்னாத்தே. இது எங்க அம்மா போன். பழசு. புதுப் பதிப்பு இதுல ஏறாதாம். போன் கீழ விழுந்ததுல இருந்து எல்லாம் பெரிய எழுத்தாத்தான் வருது. நான் கத்தல அக்கா.'

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உன் மீசைக்காரத் தடியன்" என்றாள் கினாந்தி.

உமைரா மெல்ல ஒரு பக்வானை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

தெர்னாத்தே எங்கோ கிழக்கே, கடலுக்கு நடுவில் ஒரு மலைத் தீவு. துறைமுகத்தில் மீன் சுட்டு விற்கும் சல்வாவின் அம்மா, வேலை ஓயும் நேரத்தில்தான் போனைக் கொடுப்பாராம். அதனால்தான் ஒவ்வொரு பதிலுக்கும் அரை மணி நேரம்.

'உனக்கு அங்கோட்டுன்னா ரொம்பப் பிடிக்குமா?' என்று கேட்டாள் கினாந்தி.

'எங்க ஊர்ல ஒரே ரோடு. மலையைச் சுத்திட்டு எங்க வீட்டுக்கே வந்துரும். இதுல நேரா போய்க்கிட்டே இருக்கலாம்.'

கினாந்தி அந்தப் பதிலை இன்னொரு தடவை படித்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள். அம்மாவின் போனும் பழசுதான். அதிலும் விளையாட்டின் பழைய பதிப்புதான் இருந்தது. ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டுத் திறந்து பார்த்தாள்.

சல்வா சொன்னது அப்படியே சரி. அங்கோட் சேற்றில் படுத்த எருமை மாதிரி சாலையில் படுத்திருந்தது. பழைய விளையாட்டுக்குச் சென்டிமீட்டர்தான் தெரியும். 0.45 என்றால் அதற்கு அரை சென்டிமீட்டர்கூட இல்லை. சக்கரம் முழுக்க வண்டியின் வயிற்றுக்குள் போய்விட்டது.

"நாற்பத்தஞ்சுன்னா புதுசுல பறக்குது. புள்ளி நாற்பத்தஞ்சுன்னா பழசுல உட்காருது" என்று தலையைப் பிடித்துக்கொண்டாள் கினாந்தி.

"ரெண்டு வண்டியா பண்ணிடலாமா? பழசுக்கு ஒண்ணு, புதுசுக்கு ஒண்ணு?"

"அப்ப ஒவ்வொரு தடவையும் ரெண்டையும் திருத்தணும். யாராவது மாத்தி இறக்கிட்டா மறுபடி பறக்கும்."

அந்த நேரம் பார்த்து பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் வாசலுக்கு வந்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய், குனிந்து, மெதுவான குரலில், "வாங்க ஐயா, உட்காருங்க. சாப்பிட்டீங்களா?" என்று மரியாதை ஜாவா மொழியில் கேட்டார். அப்படியே திரும்பி, "ஏய் கினாந்தி, சாப்பிட்டியா? குளிச்சியா? தலையைப் பாரு!" என்று சாதாரண மொழியில் ஒரு சத்தம் போட்டார்.

கினாந்தி அம்மாவையே பார்த்தாள்.

"என்னடி முழிக்கற?"

"அம்மா, நீங்க ஆளைப் பார்த்துப் பேசறீங்க!"

"பின்ன? பெரியவர்கிட்டப் போயி 'சாப்பிட்டியா'ன்னா கேட்பாங்க?"

"அதேதான்!" கினாந்தி குதித்தாள். "கேட்கறது ஒரே கேள்வி. ஆளுக்குத் தகுந்த மாதிரி கேட்கறோம். நம்ம வண்டியும் அப்படித்தான் பேசணும்!"

"இந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று பெரியவர் அம்மாவைக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் வேலை நடந்தது. அளவுகளை எல்லாம் கினாந்தி பழையபடி சென்டிமீட்டரிலேயே ஒரே பக்கத்தில் எழுதினாள். அதற்கு மேலே சில வரிகள் சேர்த்தாள். மோட் முதலில் விளையாட்டிடம், 'நீ பழைய பதிப்பா, புதிய பதிப்பா?' என்று கேட்கும். பழசு என்றால் அளவை அப்படியே சொல்லும். புதுசு என்றால் நூறால் வகுத்துச் சொல்லும். ஒரே வண்டி, இரண்டு இடத்திலும் சரியாகப் பேசும்.

முதல் தடவை கண்ணாடி மட்டும் வானத்துக்குப் போனது. இரண்டாம் தடவை டிரைவர் கூரையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் தடவை எல்லாம் சரி.

சல்வாவிடமிருந்து பதில் வந்தது. 'சக்கரம் வந்துருச்சு. கதவு திறக்குது. மூடுது. கண்ணாடியில பின்னாடி தெரியுது. ஆரன் அடிக்குது. மழையில துடைப்பான் ஆடுது. ஆறு பார்த்தேன். ஆறும் சரி.' அதற்குக் கீழே இன்னொரு வரி. 'ஊர்வலத்துக்கு நானும் வரலாமா?'

உமைரா உதட்டைக் கடித்தாள். "ஊர்வலம் புதுப் பதிப்புல நடக்குதே. பழைய பதிப்புல இருந்து அதுக்குள்ள வர முடியாதே."

மணி பதினொன்று. கினாந்தி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். இருநூறு வண்டிக்கு முன்னால் போவதைப் பற்றி அவள் மூன்று வாரமாகக் கனவு கண்டிருக்கிறாள். வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். கணக்கு டீச்சரிடம்கூட.

பிறகு ஹெண்ட்ரோ அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அதே ரெண்டு மணிக்கு, பழைய பதிப்புலயும் ஒரு ஊர்வலம் வைக்கலாமா? அதை நான் நடத்தறேன்."

"என்னது? அப்ப இங்க முன்னாடி யாரு போறது?"

"உமைரா போவா. வண்டியில பாதி அவ செஞ்சதுதான்."

உமைராவின் வாயிலிருந்த தண்ணீர் வெளியே வந்துவிட்டது.

"கினாந்தி, இங்க இருநூறு பேரு இருக்காங்க" என்றார் ஹெண்ட்ரோ. "அங்க ஒரு குட்டிப் பொண்ணுக்காகவா போற?"

"ஒருத்திதானான்னு தெரியல அண்ணா. மத்தவங்களை நாம கேட்கவே இல்லையே."

ஹெண்ட்ரோ சிரித்தார். "சரி. அறிவிப்பு போடறேன். ஆனா ரெண்டு பேரு மட்டும் வந்தா அழக் கூடாது."

"அழ மாட்டேன்" என்றாள் கினாந்தி.

ஊர்வலத்துக்காக அவருடைய போனைக் கேட்டதும் அம்மா இடுப்பில் கை வைத்தார். "ஒரு மணி நேரமா? யாராவது கூப்பிட்டா?"

"நானே எடுத்து மரியாதையா பேசறேன்மா."

இரண்டு மணி ஆவதற்கு ஐந்து நிமிடம். பழைய பதிப்பின் பேருந்து நிலையத்தில் கினாந்தியின் நீல அங்கோட் தனியாக நின்றது. பக்கத்து வீட்டிலிருந்து உமைராவின் குரல் கேட்டது. "அம்மாடி, எத்தனை வண்டி! எல்லாம் என் பின்னாடியே நிக்குது!"

கினாந்தி நிலையத்தின் நுழைவாயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு நீல அங்கோட் உள்ளே வந்தது. மேலே 'சாலை ராஜா' என்று பெயர். அது நேராக வந்து, கினாந்திக்குப் பின்னால் கோடு போட்டதுபோல ஒழுங்காக நின்றது.

பிறகு ஒரு மஞ்சள் பேருந்து. அதன் பின்னால் ஒரு பால் லாரி. மக்காசாரிலிருந்து ஒருவர், மெடானிலிருந்து அண்ணன் தம்பி இருவர், எங்கிருந்து என்று சொல்லாத நாலு பேர். 'எங்களுக்கும் ஊர்வலமா?' 'நிஜமாவா?' 'என் போன் சூடாகிடும், மெதுவா போங்க!' இரண்டு மணி அடித்தபோது முப்பத்தொரு வண்டிகள் நின்றன.

"போலாமா?" என்று எழுதினாள் கினாந்தி.

முப்பத்தொன்றும் கிளம்பின. நேரான நெடுஞ்சாலை, ஒரு பக்கம் கடல். சல்வா கொஞ்சமும் இடைவெளி விடாமல் பின்னாலேயே வந்தாள். 'இன்னும் திரும்பலையே அக்கா! நேராவே போகுதே!' என்று அவளுடைய பெரிய எழுத்துகள் திரையில் ஓடின.

பாதி வழியில் போன் அடித்தது. நிஜ போன். விளையாட்டை மறைத்துக்கொண்டு, மாமியின் படம் திரை முழுவதும் வந்து நின்றது.

"ஹலோ மாமி, வணக்கம்! அம்மா அடுப்புல இருக்காங்க. ஆமா மாமி. ஐம்பது பக்வானா? சரி மாமி. சொல்லிடறேன் மாமி. நல்லா படிக்கறேன் மாமி!"

மாமி ஒருவழியாக வைத்தார். திரையைப் பார்த்தால், கினாந்தியின் அங்கோட் சாலையோரப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

'போச்சு' என்று நினைத்தாள். இந்நேரம் எல்லோரும் தாண்டிப் போயிருப்பார்கள்.

யாரும் போகவில்லை. பின்னால் வருபவர்கள் இடித்துவிடாதபடி, சல்வா தன் அங்கோட்டைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தி, நாலு விளக்குகளையும் சிமிட்ட விட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மஞ்சள் பேருந்து, பால் லாரி, எல்லாம் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. பால் லாரிக்காரர் கயிறு கட்டி இழுப்பதற்குத் தயாராகப் பின்னோக்கி வந்துகொண்டிருந்தார்.

'யாரு அக்கா போன்ல?' என்றாள் சல்வா.

'மாமி. ஐம்பது பக்வான் வேணுமாம்.'

'எங்க அம்மாவுக்கும் இப்படித்தான். மீன் வேணும்னு கூப்பிடுவாங்க. நான் வண்டியோட நாலு தடவை கடல்ல விழுந்திருக்கேன்.'

'நான் ஏழு தடவை' என்றார் பால் லாரிக்காரர்.

முப்பது வண்டிக்காரர்களும் சிரித்துச் சிரித்து எழுதியதில், திரையில் கொஞ்ச நேரம் சாலையே தெரியவில்லை.

எல்லோரும் அந்த நெடுஞ்சாலை முடியும் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை மணி. கினாந்தி போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மாமியின் ஐம்பது பக்வானையும் மறக்காமல் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். உமைரா வேலியைத் தாண்டி ஓடிவந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"எப்படிடி இருந்துச்சு?" என்றாள் கினாந்தி ஆவலாக.

"ரெண்டாவது வளைவுல தப்பா திரும்பிட்டேன்."

"ஐயோ!"

"இருநூறு வண்டியும் என் பின்னாடியே வந்துச்சு. எல்லாரையும் நேரா வயல்ல இறக்கிட்டேன். அந்தப் புதுக் கோழிங்க இருக்கே, அதுங்க பறந்த பறப்பு! வெளிய வரவே அரை மணி நேரம் ஆச்சு. ஹெண்ட்ரோ அண்ணன் சிரிச்சு சிரிச்சு இருமிக்கிட்டே இருந்தாரு."

இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கச் சிரித்தார்கள். கினாந்தி பள்ளத்தில் விழுந்த கதையையும், மாமியையும், குறுக்கே நின்ற சல்வாவையும், கயிற்றோடு வந்த பால் லாரியையும் சொன்னாள்.

உமைரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அடுத்த வாரம் அந்தப் பெரிய ஊர்வலத்தை நீயே வச்சுக்கோ" என்றாள். "நான் எங்க அப்பாவோட பழைய போனைக் கேட்டு வாங்கிட்டு, சல்வாவுக்குப் பின்னாடி வந்து நின்னுக்கறேன்."